வொலாஸ்த்ராவின் அந்தி: வழிகாட்டியோடு நடப்பதா, நாமாகவே நடப்பதா?

இத்தாலியின் லிகூரியக் கடற்கரையில் உள்ள சிங்க்வே தெர்ரேயில், கொர்னீலியாவிலிருந்து வொலாஸ்த்ரா வழியாக மனரோலாவுக்கு இறங்கும் மலைப்பாதையில், கடந்த செப்டம்பரில் மூன்று நாட்களுக்குள் இரண்டு முறை மாலை நடை போனோம். முதல் முறை நாங்களாகவே போனோம். இரண்டாம் முறை வழிகாட்டியோடு, நடுவில் அபெரிதீவோவும் (இரவு உணவுக்கு முன் பானமும் சிறு தீனியும்) சேர்ந்த ஒரு சிறு குழு நடையில் சேர்ந்துகொண்டோம். நாங்கள் என்றால் நானும் என் மனைவியும், அறுபதை நெருங்கும் என் அக்காவும். இரண்டில் எது நல்லது என்று கேட்பவர்களுக்கு, செலவு பல மடங்கு என்றாலும், வழிகாட்டியோடு போவதையே சொல்கிறேன். அதற்குக் காரணம் காட்சியுமல்ல, பானமுமல்ல. இருட்டில் இறங்க வேண்டிய படிகள்.

பாதையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிங்க்வே தெர்ரேயின் ஐந்து ஊர்களில் கொர்னீலியா மட்டுமே கடலை ஒட்டி இல்லாமல் சுமார் 100 மீட்டர் உயரத்தில் பாறை மேல் அமர்ந்திருக்கிறது. ரயில் நிலையத்திலிருந்து ஊருக்கு ஏற லார்தரீனா என்னும் 382 படிகள் உண்டு. அங்கிருந்து மரங்களுக்கிடையே செங்குத்தாக ஏறி, பிறகு திராட்சைத் தோட்டங்களின் நடுவே ஏறக்குறைய சமதளமாகச் சென்று, 330 மீட்டர் உயரத்தை ஒட்டியிருக்கும் வொலாஸ்த்ராவை அடைந்தால், அதன்பின் மனரோலா வரை பெரும்பாலும் கற்படிகள்தான். மொத்தம் 6 கிலோமீட்டர் அளவுக்கு இருக்கும். நிதானமாக நடப்பவருக்கு இரண்டரை மணி நேரம் முதல் மூன்று மணி நேரம் வரை ஆகும். கடலோரமாகச் செல்லும் மொந்தெரோஸ்ஸோ–வெர்னாட்ஸா, வெர்னாட்ஸா–கொர்னீலியா பாதைகளுக்குத் தேசியப் பூங்காவின் கட்டண அட்டை வேண்டும். இந்த மேல்பாதையில் எங்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

காட்சியில் இரண்டு முறைக்கும் வேறுபாடு இல்லை என்பதால் அதை நீட்டத் தேவையில்லை. மலைச்சரிவு முழுவதும் சுண்ணாம்போ சிமெண்டோ இல்லாமல் கல்லின் மேல் கல் அடுக்கிக் கட்டிய தாங்குசுவர்கள், அவற்றின் மேல் கீற்றுக் கீற்றாகத் திராட்சைக் கொடிகள், அறுவடைக் கூடைகளை ஏற்றி இறக்க ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் சிறு வண்டிகள், எல்லாவற்றுக்கும் கீழே கடல். 1997-இல் யுனெஸ்கோ இந்தக் கரையை உலக மரபுச் சின்னமாக ஏற்றதற்குக் கடலைப் போலவே இந்தச் சுவர்களும் காரணம். சுண்ணாம்பின்றிக் கல்லடுக்கும் கலை 2018-இல் இத்தாலி உட்பட எட்டு நாடுகளின் பெயரில் யுனெஸ்கோவின் கலை, வழக்க மரபுகளுக்கான பட்டியலில் தனியாகவும் சேர்க்கப்பட்டது. பாதை பல இடங்களில் இந்தச் சுவரின் விளிம்பிலேயே, ஒருவர் மட்டும் நடக்கும் அகலத்தில் போகிறது. பகலில் அது அழகு. வெளிச்சம் போனபின் கால் வைக்கும் ஒவ்வோர் இடத்தையும் பார்த்துப் பார்த்து வைக்க வேண்டியிருக்கிறது.

முதல் நாள், செப்டம்பர் நடுவில் ஏழரை மணியளவில் சூரியன் மறையும் என்று பார்த்துவிட்டு, மறையும் நேரத்தில் உச்சியில் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டோம். மாலை நடை போகும் யாரும் இப்படித்தான் கணக்குப் போடுவார்கள். ஐந்து மணிக்குக் கொர்னீலியா நிலையத்தில் இறங்கி, ஏழே கால் மணிக்கு வொலாஸ்த்ராவை அடைந்து, கையோடு கொண்டு போயிருந்த ஃபொக்காச்சா ரொட்டியையும் ஆலிவ் காய்களையும் தின்றுகொண்டே கடல் பொன்னாகிப் பின் செம்பாவதைப் பார்த்தோம். எட்டு மணிக்கு எழுந்து, மனரோலாவுக்குப் பேருந்தில் இறங்கிவிடலாம் என்று நிறுத்தத்துக்குப் போனால், அன்றைய கடைசி வண்டி முன்பே போய்விட்டிருந்தது. நேர அட்டவணையை நாங்கள் பார்த்தது மே மாதத்தில். பருவத்துக்குப் பருவம் அது மாறும் என்பதை யோசிக்கவில்லை. மீதமிருந்தது படி வழி ஒன்றுதான்.

ஏறும்போது ஒருமுறைகூட நின்று மூச்சு வாங்காத அக்கா, முதல் இருபது படியிலேயே, "ஏறுறது பெரிசில்லடா, எறங்குறதுதான்" என்றார். அந்தப் படிகள் ஒன்று போல் ஒன்று இல்லை: ஒன்று அரை அடி உயரம், அடுத்தது ஒன்றரை அடி, இடையில் உருண்டைக் கல் பதித்த சரிவு. நான் நின்று தேடிய இடங்களில் கைப்பிடியும் இல்லை. ஒரு கையில் கைப்பேசி விளக்கைப் பிடித்தால் சுவரைப் பற்ற ஒரு கைதான் மிஞ்சும். முன்னால் போகிறவர் பின்னால் வருபவருக்காக விளக்கைத் திருப்பும்போதெல்லாம் அவர் கால்வைக்கும் இடம் இருண்டுவிடும். பகலில் முக்கால் மணிக்கும் குறைவாகவே எடுக்கும் அந்த இறக்கம் எங்களுக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. யாருக்கும் அடிபடவில்லை, ஆனால் மனரோலாவின் மேல்முனையில் 1338-இல் கட்டப்பட்ட புனித லொரென்ஸோ ஆலயத்தின் முன் வந்து நின்றபோது, மூவரில் ஒருவருக்கும் அந்திவானம் நினைவில் இல்லை. மறுநாள் முழுவதும் அக்கா அறையிலேயே முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் மாலைக்கு வழிகாட்டி நடையைப் பதிவு செய்தது முக்கியமாக என் மனைவியின் பிடிவாதத்தால். அதே பாதைக்கு ஆளுக்கு 75 யூரோ கொடுப்பதா என்று நான் தயங்கினேன். அக்கா வருவதாகச் சொன்னதும் என் தயக்கம் நின்றது.

வழிகாட்டியான பெண்மணி எங்களை வரச் சொன்ன நேரம் நாலேகால் மணி. இவ்வளவு சீக்கிரம் எதற்கு என்று எட்டுப் பேரும் கேட்டோம். விடை மாலை போகப் போகத்தான் புரிந்தது. அவர் சூரிய அத்தமனத்தை உச்சியில் வைக்கவே இல்லை. ஆறு மணிக்கு வொலாஸ்த்ராவை ஒட்டிய ஒரு திராட்சைத் தோட்டத்தின் மேடையில், சாய்வெயிலில், அபெரிதீவோ. ஏழு மணிக்கு முன்பே கிளம்பி, கோணல்மாணலான மேல்படிகளை நல்ல வெளிச்சத்திலேயே கடந்து, ஆலிவ் மரங்களுக்கிடையே பாதி வழியில் ஓர் அகலமான இடத்தில் உட்கார வைத்து, சூரியன் மறைவதைக் காட்டினார். அங்கிருந்து கீழே மனரோலாவின் வீடுகள் ஒவ்வொன்றாக விளக்கேற்றுவதையும் சேர்த்துப் பார்க்க முடிந்தது. உச்சியிலிருந்து அது இவ்வளவு அருகில் தெரியாது. அந்த அட்சரேகையில் சூரியன் மறைந்த பின்னும் அரைமணி நேரம் கண் தெரியும் அளவுக்கு அந்தி வெளிச்சம் நீடிக்கிறது, நம் சென்னையில் கிடைப்பதைவிடச் சில நிமிடங்கள் கூடுதலாகவே. அந்த அரைமணியை அவர் உட்கார்ந்து செலவழிக்காமல் இறங்கச் செலவழித்தார். முழு இருட்டு வந்தபோது எங்களுக்கு மிச்சமிருந்தது ஊரை ஒட்டிய கடைசித் துண்டு மட்டுமே. அதற்கும் ஒவ்வொருவர் நெற்றியிலும் ஒரு விளக்கு, அக்காவுக்கு இரண்டு ஊன்றுகோல். இரண்டு கையும் காலியாக இருப்பது இறங்குமிடத்தில் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை இரண்டு விதமாகவும் இறங்கிப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

கோப்பை விஷயத்திலும் அதே கணக்குத்தான். அபெரிதீவோ என்ற சொல்லின் வேர் திறப்பது என்று பொருள்படும் இலத்தீன் சொல். இரவு உணவுக்கு முன் பசியைத் திறந்துவிடும் கசப்புப் பானமும் கூடவே சிறு தீனியும் என்பதுதான் அந்த வழக்கம். 1786-இல் தூரினில் கார்ப்பானோ என்பவர் விற்கத் தொடங்கிய வெர்மூத், 1860-இல் தொடங்கிய காம்பாரி, 1919-இல் பாதுவாவில் பிறந்த அபெரோல் எல்லாம் இந்த ஒரு வேளைக்காக வளர்ந்தவை. அபெரோலும் ப்ரொசெக்கோ என்னும் நுரைக்கும் வெள்ளை ஒயினும் சோடாவும் கலந்த ஸ்ப்ரிட்ஸ் குடிக்க எளிது, கனமாகத் தெரியாது. அதனாலேயே வெயிலில் ஏறி வந்த தாகத்தில் இரண்டு மூன்று கோப்பை இறங்கிவிடும், அதற்குப் பிறகுதான் கற்படிகள் தொடங்கும். எங்கள் வழிகாட்டி மேலே ஆளுக்கு ஒரு கோப்பை மட்டுமே ஊற்றினார். அது ஸ்ப்ரிட்ஸ்கூட அல்ல. போஸ்கோ, அல்பரோலா, வெர்மென்தீனோ என்னும் மூன்று திராட்சைகளைச் சேர்த்து அந்தச் சரிவிலேயே விளையும் வெள்ளை ஒயின். திராட்சையை உலர்த்தி எடுக்கும் ஷாக்கெத்ரா என்னும் இனிப்பு ஒயினைக் கீழே இறங்கிய பிறகுதான் சிறு கோப்பையில் கொடுத்தார். குடிக்காத அக்காவுக்கு கிரோதீனோ என்னும் ஆல்கஹால் இல்லாத கசப்புப் பானம் கிடைத்தது. முதல் மிடறுக்கு முகம் சுளித்தவர், நார்த்தங்காய்த் தோலை நினைவுபடுத்துகிறது என்று இரண்டாவது பாட்டிலும் வாங்கிக்கொண்டார்.

தீனியில் சைவக்காரர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டியது ஒன்றுண்டு. இந்தக் கரையின் பெருமை மொந்தெரோஸ்ஸோவின் உப்பிட்ட நெத்திலி. சொல்லாவிட்டால் அது ஃபொக்காச்சாவின் மேலேயே வந்துவிடும். பாசில் இலையை அரைத்துச் செய்யும் பெஸ்தோவிலும் பாலாடைக்கட்டி உண்டு. பார்மஜானோ போன்ற கட்டிகள் கன்றின் இரைப்பை நொதியால் உறைய வைக்கப்படுபவை, அதை ஏற்காதவர்கள் கேட்டுக்கொள்வது நல்லது. கடலை மாவைத் தண்ணீரில் கரைத்து, ஆலிவ் எண்ணெய் சேர்த்துப் பெரிய தட்டில் சுட்டெடுக்கும் ஃபரினாத்தா எந்தக் கேள்வியும் இல்லாமல் சாப்பிடக்கூடியது. நம் கடலைமாவு அடைக்கு மிக நெருங்கிய சுவை. மிளகு மட்டும்தான் காரம்.

இத்தனையும் சொன்ன பிறகு, நாமாகவே போவதன் பக்கம் இருக்கும் நியாயத்தையும் சொல்ல வேண்டும். முதல் நாள் வொலாஸ்த்ராவில் முக்கால் மணி நேரம் யாரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். அந்த அமைதி எட்டுப் பேர் குழுவில் கிடைக்கவில்லை. நான் படம் எடுக்க நின்ற இடங்களில் குழு நிற்கவில்லை, குழு நின்ற இடங்களில் எனக்கு நிற்கத் தோன்றவில்லை. அதைவிட முக்கியமாக, சூரியன் மறைவதைப் பாதி இறக்கத்தில் வைத்துக்கொள்வது என்ற அந்த உத்தி தெரிந்துவிட்டால், முழங்கால் திடமான இருவர், தலைவிளக்கும் நல்ல காலணியும் கொண்டு, சீக்கிரமே கிளம்பித் தாங்களாகவே நன்றாகப் போய்வரலாம். நான் கொடுத்த பணத்தில் பாதி அந்த அறிவுக்கு என்றுதான் நினைக்கிறேன். மறுபாதி அந்தத் தனியார் தோட்ட மேடைக்கும், கால் பிசகினால் என்ன செய்வது என்று தெரிந்த ஒருவர் கூட வருவதற்கும். முதல் பாதியை மற்றவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இரண்டாம் பாதி அப்படிக் கிடைப்பதில்லை.

படகில் அபெரிதீவோ என்ற மூன்றாவது வாய்ப்பும் எல்லா ஊர்களிலும் விளம்பரப்படுத்தப்படுகிறது. நடக்க முடியாதவர்களுக்கு அதுவே சரி என்று தோன்றுகிறது, ஆனால் என் அனுபவம் அங்கே மிகக் குறைவு. அக்கா படுத்திருந்த இரண்டாம் நாள் மாலைக்கு அதைத்தான் பதிவு செய்தோம். அலை உயர்ந்ததால் மதியமே ரத்து செய்து பணத்தைத் திருப்பித் தந்தார்கள். கரையில் நின்று பார்த்ததை வைத்து, ஐந்து ஊர்களையும் கடலிலிருந்து ஒருசேரப் பார்ப்பது அழகாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். ஏறி இறங்கும் துறைகள் வழுக்கும் கல்லாக இருப்பதால் முழங்கால் கவலை அங்கேயும் முழுதாகப் போய்விடாது என்றும் ஊகிக்கிறேன். அதற்குமேல் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

வழிகாட்டி நடையைப் பதிவு செய்வோர் மூன்று கேள்விகளை எழுதிக் கேளுங்கள். சூரியன் மறையும்போது குழு எந்த இடத்தில் இருக்கும்? கோப்பைகள் இறக்கத்துக்கு முன்பா, பின்பா? தலைவிளக்கு அவர்கள் தருகிறார்களா? முதல் கேள்விக்கு "உச்சியில்" என்று பெருமையோடு பதில் வந்தால், இறங்குவதற்கு வண்டி வைத்திருக்கிறார்களா என்றும் கேட்டுவிடுங்கள். ஜூன், ஜூலையில் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அப்போது சூரியன் மறைய ஒன்பது மணி தாண்டிவிடும், அதுவும் வடமேற்கே வெகுதூரம் நகர்ந்து, இந்தச் சரிவிலிருந்து பார்ப்பவருக்குக் கடலுக்குள் இறங்காமல் மொந்தெரோஸ்ஸோவுக்கு அப்பால் நீட்டிக்கொண்டிருக்கும் புன்தா மெஸ்கோ முனையின் மலைப் பக்கமாகவே மறையும். சூரியன் கடலில் விழுவதைப் பார்ப்பதே நோக்கம் என்றால், செப்டம்பர் பிற்பகுதிக்கே நாள் குறியுங்கள். அப்போது ஒயின் அறுவடையும் நடந்துகொண்டிருக்கும், கூடைகள் ஏற்றிய அந்த ஒற்றைத் தண்டவாள வண்டிகளையும் பார்க்கலாம்.