முதலில் குறை சொன்னது அக்கா: காரில் ஹேண்ட்ஸ்ஃப்ரீயோடு மூன்று வருடம்

போனைக் கையில் எடுக்காமலே காரில் பேச உதவும் ஹேண்ட்ஸ்ஃப்ரீ கருவியை வாங்கி மாட்டிய முதல் வாரம் எனக்குப் பரம திருப்தி. எதிர்முனைக் குரல் கணீரென்று கேட்டது. ஒரு பொத்தானைத் தட்டினால் அழைப்பு எடுக்கும், இன்னொரு முறை தட்டினால் வைத்துவிடும். பத்தாவது நாள் அக்கா கேட்டாள்: "ஏண்டா, எப்பக் கூப்பிட்டாலும் கிணத்துக்குள்ள இருந்தே பேசுற மாதிரி இருக்கே, எங்கதான் இருக்க நீ?"

காரில்தான் இருந்தேன்.

ஹேண்ட்ஸ்ஃப்ரீ எப்படி வேலை செய்கிறது என்று காரில் இருப்பவரிடம் கேட்டுப் பயனில்லை. அவருக்கு எல்லாம் நன்றாகத்தான் கேட்கும். அவர் குரல் மறுபக்கம் எப்படிப் போய்ச் சேர்கிறது என்பது அவருக்குத் தெரியவே தெரியாது. அலுவலக ஆட்கள் மரியாதைக்காக எதுவும் சொல்லாமல் "சரிங்க, சரிங்க" என்று வைத்துவிடுவார்கள். உண்மையைச் சொல்ல அக்காதான் வேண்டும்.

என் கார் பழசு. அதில் உள்ள பாட்டுப் பெட்டிக்கு ப்ளூடூத் கிடையாது. அதனால் தலைக்கு மேலே வெயில் மறைக்கும் வைசரில் கிளிப் போட்டு மாட்டும் வகை வாங்கினேன். உள்ளங்கை அளவு. நடுவில் பெரிய பொத்தான், பக்கத்தில் ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் இரண்டு, ஓரத்தில் ஊசி குத்தியது போல ஒரு துளை. அந்தத் துளைதான் மைக். அதை நான் மூன்று மாதம் கவனிக்கவே இல்லை.

அக்கா சொன்ன பிறகும் ரொம்ப நாள் சிக்னல் கோளாறு என்றே சாதித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியின் போனில் அழைப்பைப் பதிவு செய்யச் சொல்லிவிட்டு, தெருவில் இரண்டு சுற்று ஓட்டியபடி பேசினேன். திரும்பி வந்து கேட்டால் வெட்கமாகிவிட்டது. என் குரலுக்கு முன்னால் ஏசியின் இரைச்சல். திரும்பும்போதெல்லாம் இண்டிகேட்டரின் டிக் டிக் சத்தம் என்னைவிடத் தெளிவாகக் கேட்டது. பின்னணியில் எங்கோ நான்.

காரணம் எளிது. கருவியைத் தலைகீழாக மாட்டியிருந்தேன், மைக் துளை முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஏசிக் காற்றையும் கண்ணாடிப் பக்கம் திருப்பி வைத்திருந்தேன். கண்ணாடியில் அடித்த காற்று மேலே ஏறி நேராக வைசரில் மோதியது. கிளிப்பைத் திருப்பி மாட்டினேன், காற்றைக் காலடிக்கு மாற்றினேன். பாதிப் பிரச்சினை அன்றைக்கே தீர்ந்தது.

மீதிப் பாதி எதிரொலி. "நான் பேசுறது எனக்கே திரும்பி வருதுடா" என்றாள் அக்கா. அவள் குரல் என் ஸ்பீக்கரில் வருகிறது, இரண்டு அங்குலம் தள்ளியிருக்கும் மைக் அதையும் பிடித்துத் திருப்பி அனுப்புகிறது. கருவிக்குள் இருக்கும் மென்பொருள், ஸ்பீக்கருக்குப் போன ஒலி எது என்று தெரிந்து வைத்துக்கொண்டு, மைக்கில் வருவதிலிருந்து அதைக் கழிக்கும். ஆனால் ஒலியை முழுக்கக் கூட்டினால் சின்ன ஸ்பீக்கர் கரகரக்கத் தொடங்கும். அந்தக் கரகரப்பு கணக்கில் இல்லாத ஒலி, அதைச் சரியாகக் கழிக்க முடியாது. முக்கால் அளவுக்குக் கீழே இறக்கியதும் எதிரொலி போய்விட்டது. எனக்குக் கொஞ்சம் சன்னமாகக் கேட்கிறது, பரவாயில்லை.

தீராத குறை ஒன்று உண்டு. இருவரும் ஒரே நேரத்தில் பேசினால் கருவி திணறி ஒருவர் குரலை அமுக்கிவிடும். அக்கா பேசும்போது நான் "ம்" போட்டால் அந்த நேரத்தில் அவள் சொன்ன இரண்டு வார்த்தை காணாமல் போகும். அதனால் "ம்" போடுவதை நிறுத்தினேன். "கேக்குறியா இல்லையா?" என்று கோபித்துக்கொண்டாள்.

குரலின் தரம் பற்றியும் சொல்ல வேண்டும். என்னுடையது பழைய முறையில் இயங்குவது. குரலை நொடிக்கு 8000 முறை மட்டும் அளந்து அனுப்பும். ஸ, ஷ, ஃப போன்ற எழுத்துகளின் உயிர் இருப்பது மேல் அலைவரிசையில். அது அடிபட்டுப் போகும். 2011-இல் வந்த ப்ளூடூத்தின் ஹேண்ட்ஸ்ஃப்ரீ 1.6 முறையில் அது 16000 ஆனது. கருவி, போன், அழைப்பு மூன்றும் அதற்கு ஒத்துழைத்தால் குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலிருக்கும். நண்பனின் காரில் கேட்ட பிறகுதான் இவ்வளவு நாள் எதை இழந்தேன் என்று தெரிந்தது. அட்டையில் இந்த வசதியைக் குறிக்கும் 'எச்டி வாய்ஸ்' என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

வழிகாட்டிக் குரல் தனிக் கூத்து. பேட்டரியை மிச்சப்படுத்த ஸ்பீக்கர் இடையிடையே தூங்கும், ஒலி வந்ததும் விழிக்கக் கண்சிமிட்டும் நேரம் எடுக்கும். அதற்குள் முதல் இரண்டு எழுத்து போய்விடும். தமிழில் வழி சொல்லும்படி வைத்திருந்தேன். "இடதுபுறம் திரும்பவும்", "வலதுபுறம் திரும்பவும்" இரண்டுமே "...துபுறம் திரும்பவும்" என்றுதான் காதில் விழுந்தன. எந்தத் துபுறம்? இரண்டு தடவை தப்பாகத் திரும்பிய பிறகு, வழிகாட்டிக் குரலை மட்டும் போனிலிருந்தே வரும்படி மாற்றிவிட்டேன்.

கதவைத் திறந்தாலே அசைவை உணர்ந்து தானாக ஆன் ஆகும் வசதி இதில் இருக்கிறது. வாங்கும்போது அதுதான் என்னைக் கவர்ந்தது. ஒருநாள் மாடியில் நின்று மேலாளரோடு பேசிக்கொண்டிருந்தேன். கீழே மனைவி எதையோ எடுக்கக் காரைத் திறந்தாள். கருவி விழித்தது, எட்டும் தூரத்தில் இருந்த என் போனைப் பிடித்தது, அழைப்பு அப்படியே காருக்குத் தாவிவிட்டது. என் காதில் நிசப்தம். காருக்குள் மேலாளர் யாரைப் பற்றியோ புலம்பிக்கொண்டிருக்க, மனைவி நிதானமாக, "சார், அவர் மாடியில இருக்கார், கூப்பிடட்டுமா?" என்று கேட்டிருக்கிறாள். அன்று முதல் வீட்டுக்கு வந்ததும் கருவியை அணைத்துவிட்டுத்தான் இறங்குகிறேன். காரில் யாராவது உடன் இருந்தால், அழைப்பை எடுத்ததும் முதல் வார்த்தையாக அதைச் சொல்லிவிடுகிறேன்.

பேட்டரி விஷயத்தில் தப்பு என்னுடையது. லித்தியம் பேட்டரிக்கு வெப்பம் எமன். வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் 50 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம், அதிலும் வைசர் கண்ணாடியை ஒட்டி இருக்கிறது. புதிதில் இரண்டு வாரம் தாங்கிய சார்ஜ் இப்போது மூன்று நாளுக்கே மூச்சு வாங்குகிறது. காரை நிறுத்தினால் கழற்றி இருக்கைக்கு அடியில் வைக்கும் பழக்கம் இரண்டாம் வருடம்தான் வந்தது.

கை காலியாக இருப்பதால் பாதுகாப்பு என்று நானும் நம்பினேன். 1997-இல் ரெடல்மையர், திப்ஷிரானி என்ற இரு ஆய்வாளர்கள் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வில், போனில் பேசும் நேரத்தில் மோதும் அபாயம் சுமார் நான்கு மடங்கு என்று கண்டார்கள். ஹேண்ட்ஸ்ஃப்ரீ வைத்திருந்தவர்களுக்கு அதில் சலுகை எதுவும் தெரியவில்லை. அது அந்தக் காலத்துப் போன்களை வைத்துச் செய்தது என்று தள்ளிவிட்டிருப்பேன், எனக்கே நடக்காமல் இருந்திருந்தால். வீட்டுக் கடன் கணக்கைப் பற்றித் தம்பியோடு வாதாடியபடி ஓட்டினேன். போனை வைத்தபோது கடைசி இரண்டு சிக்னல்களை எப்படிக் கடந்தேன் என்று நினைவில்லை. பச்சையா சிவப்பா என்றுகூடத் தெரியவில்லை. 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்குள் 22 மீட்டர் போய்விடுகிறோம். பக்கத்து இருக்கையில் இருப்பவர் நெரிசலைப் பார்த்துத் தானே வாயை மூடுவார். போனில் இருக்கும் தம்பிக்கு அது தெரியாது.

இப்போது "வந்துட்டிருக்கேன், இருபது நிமிஷம்" என்பதோடு சரி. கணக்கு, சண்டை, நல்ல செய்தி எல்லாம் வண்டியை ஓரம் கட்டிய பிறகு.

இந்தக் கருவியை மாற்றும் நேரம் வந்துவிட்டது. அடுத்ததும் வைசர் வகைதான், ஆனால் எச்டி வாய்ஸோடு. மாட்டிய அன்றே, திருப்பிக் கொடுக்கும் அவகாசம் முடிவதற்குள், அக்காவுக்கு ஒரு போன் போட்டுவிடுவேன்.