பிரசவப் பை 2ஏ: முகாமுக்குப் போதுமா?

ஐ.நா. மக்கள்தொகை நிதியத்தின் பேறுகாலப் பெட்டி வரிசையில் 2ஏ என்பது தாயிடமே தரப்படும் பை. சோப்பு, பிளாஸ்டிக் விரிப்பு, புது பிளேடு, தொப்புள்கொடி கட்டும் நாடா, துணி, கையுறை, படவிளக்கத் தாள். வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் ரோஹிங்கியா அகதி முகாம் போல, இருட்டில் மேடேறி மருத்துவ நிலையம் போக முடியாத இடத்துக்கானது.

பயன்படுத்துவது எளிது. கொடியின் துடிப்பு நின்றபின், வயிற்றிலிருந்து இரு விரல் தள்ளி ஒரு கட்டு, சற்றுத் தள்ளி இன்னொன்று, நடுவில் வெட்டு. முதல் கட்டை இறுக்கிப் போடுங்கள். கொடி சுருங்கும்போது கட்டு தளர்ந்தால் குழந்தைக்கு ரத்தம் கசியும். பிளேடு ஒருமுறைக்குத்தான். உறை பிரிந்து ஈரம் பட்டிருந்தால் அதைத் தொடவே வேண்டாம். சாணம், சாம்பல் எதையும் கொடியில் பூசாதீர்கள்.

குறைகள்? தண்ணீர் இல்லாத கூடாரத்தில் சோப்பு வெறும் கட்டி. டார்ச் இல்லை (கழிப்பறைக்கே துணை தேடும் இடத்தில் இதை எப்படி விட்டார்கள்!). பெரிய குறை, பேறுக்குப் பின் ரத்தப்போக்கைத் தடுக்கும் மிசோப்ரோஸ்டால் மாத்திரை பைக்குள் இல்லை. தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். ஆறாம் மாதத்திலேயே பையைக் கொடுத்துவிடுங்கள், எந்த நிலையத்துக்கு ஓடுவது என்ற தகவலோடு.