கிளிநொச்சியில் காரின் முன் கண்ணாடி மாற்றித் தந்த கடை

பரந்தன்–முல்லைத்தீவு ஏ35 வீதியில் தினமும் ஓடுபவர்களுக்கு டிப்பரைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. விசுவமடுவுக்குக் கிட்ட எதிரே வந்த ஒன்றிலிருந்து தெறித்த கல் என் வேகன்ஆரின் முன் கண்ணாடியில் பட்டது. காலையில் மிளகளவுதான் காயம். பள்ளிக்கூட வளவில் வெயிலில் நின்ற காரில் பின்நேரம் ஏசியைப் போட்டதும், சாரதிப் பக்கத்திலிருந்து கீழ் ஓரம் வரை வெடிப்பு ஓடிவிட்டது.

முதலில் விசாரித்த இடத்தில் வெடிப்புக்குள் பசை ஏற்றினால் போதும், தெரியவே தெரியாது என்றார்கள். மனம் ஒப்பவில்லை. கூடப் படிப்பிக்கும் ஆசிரியர் ஒருவர் சொல்லித்தான் கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் இருக்கும் இந்தக் கண்ணாடிக் கடைக்குப் போனேன். தகரக் கொட்டகை, வாசலில் ஒரு வேப்பமரம், கடைக்கார அண்ணையும் இரண்டு பெடியன்களும். அவர் வெளியே நின்று பார்த்தார், உள்ளே இருந்து பார்த்தார், வெடிப்பின் மேல் நகத்தை ஓட்டினார். “ரீச்சர், கல்லடிச்ச இடம் மட்டும் எண்டால் ஏத்தலாம். இது ஓரத்துக்கு ஓடீட்டுது. ஏத்தினாலும் நிக்காது.”

விஞ்ஞானம் படிப்பிக்கிற எனக்கு அவர் விளக்கிய விதம் பிடித்துக்கொண்டது. முன் கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடித் தகடுகள், நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் படலம். அதனால்தான் உடைந்தாலும் முகத்தில் கொட்டாமல் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. கல் பட்டால் பெரும்பாலும் வெளித்தகடுதான் உடையும். காயம் சிறிதென்றால் அதற்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து, ரெசின் என்னும் பிசினை ஏற்றி, புற ஊதாக்கதிர் விளக்கில் இறுக வைக்கலாம். ஆனால் சாரதியின் கண்ணுக்கு நேரே என்றால் நன்றாக ஏற்றினாலும் ஒரு மங்கல் மிஞ்சும். இரவில் எதிர் வெளிச்சம் அதில் சிதறும்.

கண்ணாடியில் இரண்டு வகை காட்டினார். ஜப்பானில் கழற்றிய ரீகண்டிஷன் ஒன்றை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, வைப்பர் கீறிய வளைகோடுகளைத் தானே சுட்டிக்காட்டினார். நான் புதியதைக் கேட்டேன். அது கொழும்பிலிருந்து வரச் சொன்ன நாளைவிடப் பிந்தியது; நான் எடுத்துக் கேட்கும்வரை அவர் ஒரு தகவலும் தரவில்லை. இது குறைதான். வந்ததும் மூலையில் வட்டத்துக்குள் ஈ எழுத்தும் 43ஆர் என்ற வாகனக் கண்ணாடித் தரக் குறியும் இருப்பதைக் காட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினார்.

வேலை நடந்தது காலையில். சோளகக் காற்று எழும்பினால் செம்மண் தூசி பசையில் படியும், பிறகு பிடிக்காது என்பதால் மத்தியானத்துக்குப் பிறகு கண்ணாடி ஒட்டுவதில்லையாம். கொட்டகையின் காற்றுப் பக்கம் தறப்பாள் கட்டியிருந்தது. ஒரு பெடியன் உள்ளே, ஒருவன் வெளியே. நடுவில் மெல்லிய கம்பியை மாறி மாறி இழுத்துப் பழைய பசையை அறுத்தார்கள். அறுத்த பிறகு பழைய பசையை முழுதாகச் சுரண்டவில்லை. ஒன்றிரண்டு மில்லிமீற்றர் கனத்துக்கு விட்டுச் சீவினார் அண்ணை. புதுப் பசை அதன் மேல்தான் நன்றாகப் பிடிக்குமாம். மேல் ஓரத்தில் நகமளவு துரு இருந்தது. அதை அரத்தாள் போட்டுத் தேய்த்து, பிறைமர் பூசி, காயும்வரை வேறு எதிலும் கைவைக்கவில்லை. அதை மூடிக் கண்ணாடியை ஒட்டியிருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. மாரிமழையில் தண்ணீர் உள்ளே வரும்போதுதான் தெரிந்திருக்கும். இந்தக் கடையை நான் நம்புவது அந்த நகமளவு துருவுக்காகத்தான்.

பசைக் குழாயில் அச்சடித்திருந்த காலாவதித் திகதியையும் காட்டினார். அந்தப் பசை காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துத்தான் இறுகும். அவசரம் இருந்தும் பின்நேரம்வரை சாவியைத் தரவில்லை. விபத்தில் சாரதிக்குப் பக்கத்து முன் இருக்கைக் காற்றுப்பை விரியும்போது இந்தக் கண்ணாடியில் மோதித்தான் ஆள் பக்கம் திரும்புகிறது. பசை இறுகாவிட்டால் கண்ணாடியே தள்ளுப்பட்டுப் போகலாம். போகும்போது, “கதவைப் படாரெண்டு சாத்தாதேங்கோ, யன்னலைக் கொஞ்சம் இறக்கி விடுங்கோ. இண்டைக்கும் நாளைக்கும் கழுவ வேண்டாம்” என்றார்.

பில்லில் கண்ணாடி, பசை, கூலி மூன்றும் தனித்தனியே இருந்தன. ரெவனியூ லைசன்ஸைக் கிழியாமல் எடுத்துப் புதுக் கண்ணாடியில் ஒட்டித் தந்தார்கள். வைப்பருக்குக் கீழே ஒரு கிளிப் உடைந்ததையும் தாங்களே சொல்லி மாற்றினார்கள். முழுக் காப்புறுதி உள்ளவர்கள் கண்ணாடியைக் கழற்ற முதல் படம் எடுத்து, காப்புறுதிக்காரரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். மூன்றாம் தரப்புக் காப்புறுதியில் இதற்குக் காசு வராது.

காத்திருக்க ஒரு வாங்குதான் உண்டு, அதிலும் பாதி பசைக் குழாய்ப் பெட்டிகள். தொலைபேசியைப் பலமுறை எடுக்கமாட்டார்கள், நேரே போவது நல்லது. 2017க்குப் பிறகு வந்த வேகன்ஆர் சிலவற்றில் கண்ணாடிக்குப் பின்னால், மோதப்போனால் கார் தானே பிரேக் போடுவதற்கான கேமரா இருக்கும். மாற்றிய பின் அதைச் சரிபார்க்கும் கருவி இங்கே இல்லை. அப்படிக் கார் கொண்டுவந்த ஒருவரை, நான் இருக்கும்போதே, கருவி உள்ள இடத்தை விசாரித்துக்கொண்டு போகச் சொல்லி அண்ணை அனுப்பிவிட்டார்.