சேலத்தில் மனைத் தொழில்: தரகா, அக்ரிமென்ட்டா?

கையில் பெரிய முதல் இல்லாமல் இறங்குபவருக்கு இரண்டு வழி. தரகு எளிது: வாங்குபவரையும் விற்பவரையும் சேர்த்துவிட்டுக் கமிஷன் வாங்கலாம், வியாபாரம் முறிந்தால் போவது அலைச்சலும் பெட்ரோலும்தான். ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு பெற்ற மனைப்பிரிவில் விற்க மட்டும் முகவராகப் பதிய வேண்டும்.

அக்ரிமென்ட் வழி வேறு. ஓமலூர்ப் பக்கம் ஒரு நிலத்துக்கு அட்வான்ஸ் கொடுத்து, கெடு முடிவதற்குள் கூடுதல் விலைக்கு வேறொருவருக்குக் கைமாற்றுவது. உரிமையாளரே அவருக்கு நேராகக் கிரயம் எழுதித் தந்தால், முத்திரைத்தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2% எல்லாம் ஒருமுறைதான். ஆள் கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் போச்சு! 2012 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் விற்பனை ஒப்பந்தத்தையும் பதிவு செய்தாக வேண்டும். வெள்ளைத்தாளை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். 'நானோ, நான் காட்டும் நபரோ' பெயரில் கிரயம் என்ற வரி ஒப்பந்தத்தில் கட்டாயம் இருக்கட்டும். வாங்க வருபவரிடம் நீங்கள் உரிமையாளர் இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஏற்காட்டில் புதியவர் அக்ரிமென்ட் போடவே வேண்டாம். மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் எல்லை அது. கட்ட அனுமதி கிடைக்குமா என்று தெரிவதற்குள் கெடு ஓடிவிடும்.

என்னைக் கேட்டால், அயோத்தியாப்பட்டணம், கொண்டலாம்பட்டி என்று ஓராண்டு தரகிலேயே சுற்றுங்கள். பட்டாவும் வில்லங்கச் சான்றும் படிக்கப் பழகிய பிறகு அட்வான்ஸைத் தொடுங்கள்.