ஆறின காபிக்கு ஒரு சிபாரிசு

எங்கள் வீட்டில் விருந்தாளிக்கு ஆறின காபியைக் கொடுத்தால் அது அவமரியாதை. டபராவில் ஆற்றுவதெல்லாம் நாக்கு பொத்துப்போகாமல் இருக்கத்தான். அந்தப் பழக்கத்தில், ஏற்காட்டில் வாங்கிவந்த ஒரே தோட்டத்துக் காபியையும் இரண்டு நாள் கொதிக்கக் கொதிக்கக் குடித்துவிட்டு, கசாயம் என்று ஒதுக்கிவைத்துவிட்டேன்.

கால் கிலோ 480 ரூபாய். சிக்கரி கிடையாது. 1,300 மீட்டர் உயரத்தில் விளைந்த அராபிகா, செலக்‌ஷன் 795 ரகம், மிதமான வறுவல். வறுத்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. 795 ஒன்றும் அபூர்வமில்லை. கென்ட் ரகத்தையும் எஸ் 288ஐயும் கலந்து கர்நாடகத்தின் பாலெஹொன்னூரில் உருவாக்கியது. தென்னிந்தியத் தோட்டங்களில் பரவலாகப் பயிராவது. நம் ஃபில்டர் பொடியிலும் இருக்கலாம். கருக வறுத்து, சிக்கரி சேர்த்து, பாலையும் ஊற்றினால் அது இருப்பதே தெரியாது, அவ்வளவுதான்.

மூன்றாம் நாள், 15 கிராம் பொடியைக் காகித வடிகட்டியில் போட்டு, கொதி அடங்கிய தண்ணீர் 40 மில்லி விட்டேன். பொடி உப்பி வந்ததும் மீதி 200 மில்லியை மெதுவாக ஊற்றினேன். அதற்குள் போன் வந்துவிட்டது. கால் மணி நேரம் கழித்து, கொட்டத்தான் எடுத்தேன். சரி, ஒரு வாய் பார்ப்போம் என்று குடித்தேன்.

கமலா ஆரஞ்சுத் தோலைக் கிள்ளினால் தெறிக்குமே, அந்த வாசனை. புளிப்பு இருந்தது, ஆனால் பல் கூசவில்லை. விழுங்கின பிறகு நாட்டுச்சர்க்கரை போல ஒரு இனிப்பு அடித்தொண்டையில் நின்றது. கசப்பை எங்கே என்று தேட வேண்டியிருந்தது. காபிக்கு மதிப்பெண் போடுகிறவர்கள் 71 டிகிரிக்கு இறங்கிய பிறகுதான் ருசிக்கவே ஆரம்பிப்பார்கள், 21 டிகிரி வரை ஆற ஆறக் குடித்துப் பார்ப்பார்கள் என்று எங்கோ படித்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

குறையும் உண்டு. பையில் ‘மல்லிகை மணம்’ என்று போட்டிருந்தார்கள். எத்தனை முறை மோந்தும் எனக்குக் கிடைக்கவில்லை. பாலுக்கு இது சுத்தமாக ஆகாது. ஒருநாள் கலந்து கொடுத்ததற்கு, “பொடி தீர்ந்துபோச்சா?” என்று கேட்டாள் மனைவி.

அம்மாவுக்கும் பாலில்லாமல் அரை டம்ளர் கொடுத்துப் பார்த்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைத் தொட்டுப் பார்த்தவர், “சூடு பண்ணித் தரட்டுமாடா?” என்றார்.