டாவுனின் மூன்று மார் ஏரிகள்: நடந்து பார்த்த அனுபவம்

ஜெர்மனியின் ஐஃபெல் பகுதியில், டாவுன் ஊருக்குப் பக்கத்தில் மூன்று எரிமலை ஏரிகள் இருக்கின்றன. மே மாதக் கடைசியில் மூன்றையும் ஒரே நாளில் நடந்து பார்த்தேன். பாறைக்குழம்பு நிலத்தடி நீரைத் தொட்டு வெடித்ததில் உண்டான பள்ளங்கள் இவை. 'மார்' என்பார்கள்.

கெமுண்டன் மார் காட்டுக்குள் ஒளிந்திருக்கிறது. அங்கிருந்து மாய்செபெர்க் குன்றுக்கு ஏறும் பாதைதான் சிரமம். முழங்கால் வலி உள்ளவர்கள் கைத்தடி கொண்டு போங்கள். உச்சியில் 1902இல் கட்டிய ட்ரோங்க கோபுரம். ஐஃபெல் நடைப்பயணச் சங்கத்தை 1888இல் தொடங்கிய அடால்ஃப் ட்ரோங்கயின் நினைவாக எழுப்பியது.

அப்புறம் வைன்ஃபெல்ட் மார். என் மனம் இன்னும் அங்கேயே நிற்கிறது. சுமார் 51 மீட்டர் ஆழம். சரிவெல்லாம் மஞ்சள் பூப்புதர்கள், கீழே அசையாத கருநீலத் தண்ணீர். கரையில் ஒரு வெள்ளைத் தேவாலயமும் கல்லறைகளும் மட்டும். அங்கிருந்த ஊர் அழிந்து பல நூற்றாண்டுகள் ஆகின்றன. பாதையில் ஒரு கல்லை எடுத்தேன். கறுப்பு, உள்ளே முழுக்கத் துளை, கைக்குக் கனமே இல்லை. பார்த்துவிட்டு அங்கேயே வைத்தேன்.

குறுகிய மேடு ஒன்றைத் தாண்டினால் ஷால்கன்மேரன் மார். அதன் நீர்மட்டம் வைன்ஃபெல்ட் மாரைவிட அறுபது மீட்டருக்கும் மேல் தாழ்வாக இருக்கிறது. மேட்டில் நின்று இருபுறமும் திரும்பிப் பாருங்கள், தவறவிடாதீர்கள்.

வழியில் நான் நம்பிப்போன உணவகம் ஒன்று மூடியிருந்தது. சாப்பாடும் தண்ணீரும் கையோடு எடுத்துப் போங்கள். வைன்ஃபெல்டில் குளிக்கத் தடை. நீந்த வேண்டுமானால் கோடையில் மற்ற இரண்டு ஏரிகளிலும் இடம் உண்டு.