பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் இருந்தது, என் படிப்புக்கு இல்லை

கோத்தகிரிப் பக்கம் தொண்டு நிறுவனங்களிலும் அங்கன்வாடிகளிலும் வேலை பார்த்துக்கொண்டே எம்.எஸ்.டபிள்யூ. எனப்படும் சமூகப்பணி முதுகலைப் படிப்பைப் படிக்க நினைக்கும் பெண்கள் பலர் என்னைப் பார்க்கும்போது, "அக்கா, நீங்க ஆன்லைன்லதானே படிச்சீங்க, எங்கே சேர்ந்தீங்க?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சலித்துவிட்டது என்பது ஒருபுறம் இருக்க, சொல்லும்போதெல்லாம் வெட்கத்தில் பாதியை விழுங்கிவிடுகிறேன் என்பதும் உண்மை. எனவே நடந்ததை முழுமையாக எழுதிவிடுகிறேன். எந்த நிறுவனத்தின் பெயரையும் நான் குறிப்பிடப்போவதில்லை. புகார் நிலுவையில் இருக்கிறது என்பது ஒரு காரணம், இதே முறையில் பல மையங்கள் பல பெயர்களில் நடப்பதால் ஒரு பெயரை மட்டும் தெரிந்துகொண்டு யாரும் தப்பித்துவிட முடியாது என்பது இன்னொரு காரணம்.

என் பெற்றோர் இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அம்மா இன்றும் கொழுந்து பறிக்கிறார். நான் பி.ஏ. வரலாறு முடித்துவிட்டு ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளராகச் சேர்ந்து, கோத்தகிரிக்குக் கீழே சரிவுகளில் இருக்கும் இருளர், குறும்பர் கிராமங்களில் வேலை பார்த்துவந்தேன். சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பம் எழுதித் தருவது, பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளின் வீட்டுக்குப் போய்ப் பேசுவது, அரிவாள் செல் சோகைப் பரிசோதனைக்கு ஆட்களை அழைத்துச் செல்வது ஆகியவைதாம் என் அன்றாட வேலைகள். ஒருங்கிணைப்பாளர் பதவி இரண்டு முறை காலியானபோதும், சமூகப்பணியில் முதுகலைப் பட்டம் வேண்டும் என்ற ஒரே வரியால் எனக்குக் கிடைக்காமல் போனது. கோயம்புத்தூரில் தங்கிக் கல்லூரியில் படிப்பதென்றால் வேலையை விட வேண்டும், சம்பளமும் நின்றுவிடும். இந்த நிலையில்தான், 2021ஆம் ஆண்டு ஊரடங்குக் காலத்தில், "வேலை பார்த்துக்கொண்டே எம்.எஸ்.டபிள்யூ., முற்றிலும் ஆன்லைனில்" என்ற விளம்பரம் கைபேசியில் வந்தது.

மையம் கோயம்புத்தூரில், ஒரு துணிக்கடைக்கு மேலே முதல் மாடியில் இருந்தது. மேட்டுப்பாளையம் வழியாக இறங்கிப் போய் நேரிலேயே பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு பணம் கட்டியவள் அல்ல நான் என்பதைச் சொல்லிக்கொள்வது ஓர் ஆறுதல். மையத்தை நடத்தியவர் தம் மடிக்கணினியைத் திருப்பி, பல்கலைக்கழக மானியக் குழுவின் தளத்தைத் திறந்து, வட மாநிலத் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயரைக் காட்டினார். அந்தப் பெயர் அங்கே உண்மையிலேயே இருந்தது. தளமும் உண்மையானது, பல்கலைக்கழகமும் உண்மையானது. அன்று நான் கேட்கத் தவறிய கேள்வி ஒன்றுதான்: இந்தப் பல்கலைக்கழகம் இந்தப் படிப்பை, இந்த முறையில், இந்த ஆண்டில் நடத்த அனுமதி பெற்றிருக்கிறதா? அந்தக் கேள்விக்கான விடை அதே தளத்தில் இன்னும் இரண்டு பக்கங்கள் உள்ளே தள்ளி இருந்தது.

கட்டணம் 78,000 ரூபாய், மூன்று தவணைகளில். முதல் தவணையை அம்மா சீட்டு எடுத்துக் கொடுத்தார். பணம் ஜிபே மூலம் ஒரு தனிநபரின் கணக்குக்குப் போனது. ரசீதில் மையத்தின் முத்திரை இருந்ததே தவிர, பல்கலைக்கழகத்தின் பெயர் எங்கும் இல்லை. கேட்டபோது, "நாங்க மொத்தமாக் கட்டிடுவோம் மேடம்" என்றார்.

பாடம் நடந்த விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் பாடம் நடக்கவில்லை. வாட்ஸ்அப் குழுவில் பி.டி.எஃப். கோப்புகள் வந்தன. தனிநபர் பணி, குழுப்பணி, சமுதாய அமைப்பு, சமூக நல நிர்வாகம், ஆய்வு முறை என்று பாடத்தலைப்புகள் எல்லாம் சரியாகவே இருந்தன; ஆனால் ஒவ்வொரு பக்கத்தின் மேலும் வேறு ஏதோ நிறுவனத்தின் பெயர் வெள்ளைப் பட்டையால் மறைக்கப்பட்டிருந்தது. இரண்டு ஆண்டுகளில் ஓர் ஆசிரியரின் முகத்தையும் நான் பார்க்கவில்லை. தேர்வு, அதே துணிக்கடை மாடியில், புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதியது. அதில் ஏதோ சரியில்லை என்று எனக்குத் தெரிந்திருந்தது. பேசாமல் எழுதிவிட்டு, கடைசிப் பேருந்தைப் பிடித்து மலையேறினேன்.

களப்பணியைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். எம்.எஸ்.டபிள்யூ. படிப்பின் பாதி உயிர் களப்பணியில்தான் இருக்கிறது. முறையாக நடக்கும் கல்லூரிகளில் மாணவர் வாரத்தில் இரண்டு நாள் அளவுக்கு ஒரு மருத்துவமனையிலோ, குழந்தைகள் இல்லத்திலோ, கிராமத்திலோ பணி செய்வார். அங்கே அவரைக் கவனிக்க ஒருவர் இருப்பார், கல்லூரியில் வழிகாட்டும் ஆசிரியர் ஒருவர் இருப்பார். ஒவ்வொரு நாளும் செய்ததை எழுதிக்கொண்டு போய் அவரிடம் கொடுத்து, 'ஏன் அப்படிப் பேசினாய், அந்தக் குடும்பம் ஏன் மௌனமானது' என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தொலைநிலையில் நடத்தும் எம்.எஸ்.டபிள்யூ.விலும் களப்பணி கட்டாயம்தான். என்னிடம் மையத்துக்காரர் சொன்னது வேறு: "நீங்கதான் ஏற்கெனவே ஃபீல்டுல இருக்கீங்களே மேடம், அதையே கணக்குல வெச்சுக்கலாம். ரெக்கார்டு மட்டும் நாங்க ரெடி பண்ணித் தர்றோம்." அதற்குத் தனியாக 9,000 ரூபாய்.

நான்காம் பருவத்தில் நீல அட்டை போட்ட கோப்பு ஒன்று கூரியரில் வந்தது. முதல் பக்கத்தில் என் பெயர். உள்ளே, நான் கோத்தகிரியில் அறுபது நாள் களப்பணி செய்ததாக ஆங்கிலத்தில் நாள்வாரியாக எழுதப்பட்டிருந்தது. ஆறாம் நாள் நான் கோத்தகிரி மீனவர் குடியிருப்புக்குச் சென்று, படகுகள் கரை திரும்பும் நேரத்தில் பெண்களைச் சந்தித்துப் பேசியிருக்கிறேன். பதினோராம் நாள், மீன்பிடித் தடைக்காலத்தில் குடும்பங்கள் வாங்கும் கடனைப் பற்றிக் குழு விவாதம் நடத்தியிருக்கிறேன். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் இது! எங்கோ கடலோர ஊர் ஒன்றில் படித்த யாரோ ஒரு மாணவியின் கோப்பில், ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிவிட்டு, படகையும் வலையையும் அப்படியே விட்டுவிட்டார்கள். அன்று அதைப் படித்து நானும் என் தோழியும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்து முடித்துவிட்டு, கேட்டிருந்த இடங்களிலெல்லாம் நான் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். ஏமாற்றப்பட்டவள் என்று என்னைச் சொல்லிக்கொள்ளும்போது இந்தக் கையெழுத்தையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அது நேர்மையாகாது.

இதற்கிடையே 2022 செப்டம்பரில், தொலைநிலையிலும் இணையவழியிலும் பெறும் பட்டங்கள் கல்லூரிக்குச் சென்று பெறும் பட்டங்களுக்கு இணையானவை என்று மானியக் குழு அறிவித்தது. அந்தச் செய்தியின் படத்தை மையத்துக்காரர் குழுவில் போட்டு, வாழ்த்துத் தெரிவித்தார். நாங்கள் அனைவரும் கைகூப்பும் படங்களைப் பதிலுக்குப் போட்டோம். அந்த அறிவிப்பு மானியக் குழு அனுமதித்த நிறுவனங்களின் பட்டங்களைப் பற்றியது என்பதை ஒருவரும் நின்று படிக்கவில்லை.

2024ஆம் ஆண்டு, குழந்தைகள் பாதுகாப்பு தொடர்பான ஒப்பந்தப் பணி ஒன்றுக்கு விண்ணப்பித்து, சான்றிதழ் சரிபார்ப்புக்காக உதகைக்குப் போனேன். அங்கிருந்த பெண் அலுவலர் மதிப்பெண் பட்டியலின் முன்பக்கத்தை அதிகம் பார்க்கவில்லை. திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். அது வெறுமையாக இருந்தது. படிப்பு எந்த முறையில் நடந்தது, எந்தத் தேதியில் சேர்ந்தார், எப்போது முடித்தார், தேர்வு மையம் எது என்பனவற்றைப் பட்டச் சான்றிதழிலும் மதிப்பெண் பட்டியலிலும் பின்பக்கத்தில் குறிப்பிட வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் மானியக் குழு விதிமுறைகள் சொல்வதாக அவர் விளக்கினார். "ஆன்லைன் என்று எங்கேயும் அச்சாகாது, ரெகுலர் மாதிரியே இருக்கும்" என்று மையத்துக்காரர் பெருமையாகச் சொன்னதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. நான் சலுகை என்று நினைத்திருந்ததே குறையாக நின்றது.

பிறகு அவர் கணினியில் மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவுத் தளத்தைத் திறந்து, நான் சேர்ந்த கல்வி ஆண்டைத் தேர்ந்தெடுத்து, பல்கலைக்கழகத்தின் பெயரை அழுத்தினார். எம்.பி.ஏ., எம்.காம். என்று சில படிப்புகள் வந்தன. சமூகப்பணி இல்லை. "யுனிவர்சிட்டி இருக்கும்மா, உங்க கோர்ஸ் இல்லையே" என்றார். அவர் குரலில் கடுமை இல்லை. எனக்குப் பின்னால் நின்றிருந்த பெண் தன் சான்றிதழ்களை எடுத்து நீட்டத் தொடங்கிவிட்டார்.

அதற்குப் பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டவற்றை, படிக்க நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன். அனுமதி பல்கலைக்கழகத்துக்கு மொத்தமாகத் தரப்படுவதில்லை. ஒவ்வொரு படிப்பும் எந்த முறையில், எந்தக் கல்வி ஆண்டின் எந்தப் பருவத்தில் சேர்க்கைக்குத் தகுதி பெற்றது என்று தளத்தில் தனித்தனியே காட்டப்படுகிறது, அதை உங்கள் கையாலேயே திறந்து பாருங்கள், பிறர் திருப்பிக் காட்டும் திரையைப் பார்க்காதீர்கள். பல்கலைக்கழகம் தன் தொலைநிலைப் படிப்பையோ இணையவழிப் படிப்பையோ தனியார் மையத்துக்கு உரிமம் கொடுத்து நடத்தவிட விதியில் இடமில்லை. தொலைநிலைப் படிப்புக்குத்தான், மாணவர்களுக்கு உதவுவதற்கென்று கற்போர் உதவி மையம் என்று ஒன்று உண்டு; இணையவழிப் படிப்புக்கு அதுவும் கிடையாது. ஆகவே ஆன்லைன் படிப்புக்கு மாடியறை ஒன்றில் உட்கார்ந்து ஒருவர் பணம் வாங்குகிறார் என்பதே நான் எழுந்து வந்திருக்க வேண்டிய இடம். 2024 முதல், சேரும் மாணவரே தளத்தில் பதிந்து தமக்கென ஓர் அடையாள எண்ணைப் பெற வேண்டும் என்று ஏற்பாடு வந்திருக்கிறது. நான் சேர்ந்தபோது அது இல்லை. இப்போது யாராவது "அந்த எண்ணெல்லாம் வேண்டாம், நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்று சொன்னால், பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

மனநல சமூகப்பணியாளர் ஆகலாம் என்ற ஆசையையும் எங்கள் குழுவில் பலருக்குக் காட்டியிருந்தார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், அந்தப் பெயருக்கு உரியவர் சமூகப்பணியில் முதுகலைப் பட்டத்தோடு, மேற்பார்வையுடன் கூடிய மருத்துவப் பயிற்சி அடங்கிய இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில்.லும் முடித்திருக்க வேண்டும் என்கிறது. முறையான எம்.எஸ்.டபிள்யூ.வே அதற்குத் தனியாகப் போதாது என்றால், நீலக் கோப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பல்கலைக்கழகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். மூன்றாவது நினைவூட்டலுக்குப் பிறகு, தாங்கள் கோயம்புத்தூரில் எந்த மையத்தையும் நியமிக்கவில்லை என்று இரண்டு வரிகளில் பதில் வந்தது. அப்படியானால் என் மதிப்பெண் பட்டியலை அச்சிட்டது யார் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. மையத்தில் இப்போது வேறு பெயர்ப் பலகை தொங்குகிறது. பழைய எண்ணை அழைத்தால் எடுப்பதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்தேன், காவல் நிலையத்திலும் எழுத்துமூலம் புகார் கொடுத்தேன், மானியக் குழுவுக்கும் அனுப்பியிருக்கிறேன். காவல் நிலையத்தில் முதலில் கேட்டது பணம் கட்டியதற்கான ஆதாரத்தைத்தான். இரண்டு தவணைகளுக்கு ஜிபே பதிவு இருந்தது. மூன்றாம் தவணையை, "சர்வர் வேலை செய்யல" என்று மையத்துக்காரர் சொன்னதால், ரொக்கமாகக் கொடுத்துவிட்டு அந்த ரசீதையும் தொலைத்துவிட்டேன். வாட்ஸ்அப் குழுவை அவர் கலைப்பதற்கு முன்பே உரையாடல்களைச் சேமித்து வைத்திருந்த கூடலூர்த் தோழி ஒருத்தியால்தான் புகார் கொஞ்சமாவது நகர்ந்தது. அந்தக் குழுவில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இருந்தோம். புகாரில் கையெழுத்திட்டிருப்பவர்கள் ஐந்து பேர். மற்றவர்களில் சிலர் இதே சான்றிதழைக் காட்டி வேலையில் இருக்கிறார்கள், அவர்கள் ஏன் வரமாட்டார்கள் என்பது எனக்குப் புரிகிறது.

2021 முதல் 2023 வரை, துணிக்கடைக்கு மேல் மாடியில் இருந்த அந்த மையத்தில் பணம் கட்டியவர்கள் நீலகிரியில் வேறு யாரேனும் இருந்தால், உங்களிடம் இருக்கும் ரசீது, பணம் அனுப்பிய பதிவு, களப்பணிக் கோப்பு ஆகியவற்றை எதையும் தூக்கியெறியாமல் எடுத்துவையுங்கள். குறிப்பாகக் கோப்பின் ஆறாம் நாளையும் பதினோராம் நாளையும் புரட்டிப் பாருங்கள். கூடலூர்த் தோழியின் கோப்பிலும் அதே படகுகள் கரை திரும்பியிருக்கின்றன.